ஆறு விநாடி

செட்டியார் தெரு, இரண்டாம் மாடி.
கீழே தங்கம் உருகும், மேலே கணக்கு.
அறைக்கு ஒரே கணினி. காலையில் முதலாளி, பிறகு நான்.
அதிலுள்ள பிரௌசர்
மாலை ஐந்தரைக்குப் புறக்கோட்டை பஸ்.
ஏறியவர் எவரும் இறங்குவதாயில்லை.

"பெனடிக்டா பிள்ளை, இதைக் கொஞ்சம்
ஓடப் பண்ணுமன்" என்றார் சபாநடேசர்.

செட்டிங்ஸைத் திறந்தேன்.
அறுபத்துநாலு டேப். பாதி தங்க விலை,
வெவ்வேறு நாள் திறந்து மறந்தது.
மூடினேன்.
நாலு வருடக் கேஷ். காசல்ல, கழிவு.
துடைத்தேன்.
தானாகப் பாடும் வீடியோக்களின் வாயை அடைத்தேன்.
கேளாமல் வந்து குந்தியிருந்த நீட்சிகள் ஐந்து:
ஒன்று கூப்பன் தேடும்,
ஒன்று புது டேப்பில் பூனைப் படம் காட்டும்,
மற்ற மூன்றும் என்ன செய்தன என்பது
அவற்றுக்கே தெரியாது.

பிறகு, அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்றோர் பட்டியல்.
கைமாற்றுக் கேட்டால்
கண்ணாடியைக் கழற்றித் துடைப்பவர்,
லீவு கேட்டால்
கலண்டர் கோள் சொன்னதுபோல் அதை முறைப்பவர்,
முப்பத்தொரு தளங்களுக்கு
ஆம், ஆம் என்று அழுத்திக் கொடுத்திருக்கிறார்.
கிரிக்கெட், ராசிபலன்,
முடி வளர்க்கும் எண்ணெய்.
(திரும்பி அவர் தலையைப் பார்க்காதிருக்க
மெத்தக் கஷ்டப்பட்டேன்.)

அழுத்தினால் திறந்தது.
தேத்தண்ணிக் கோப்பை உதட்டை எட்டுமுன்
சுங்கப் படிவம் வந்து நின்றது.
"அட!" என்றார்.
இன்னொன்று. "அட!"
அன்று மாலைக்குள்
பன்னிரண்டு பில் கூடுதலாய் அடித்தேன்.

செவ்வாய்க்கிழமைதான் விளங்கியது:
வட்டம் சுற்றிய அந்த ஆறு விநாடி
என்னுடையதாய் இருந்திருக்கிறது.
நாளுக்கு இருநூறு தரம்.
இருபது நிமிடம், சில்லறையாக.
அதில்தான் ஜன்னலுக்கு வெளியே
நாட்டாமியொருவர் கைவண்டியை ஒடித்துத் திருப்ப,
வான்காரர் திட்ட மறந்து பார்த்து நிற்பார்.
அதில்தான் தம்பிக்கு "சாப்பிட்" வரை எழுதுவேன்,
அடுத்த ஆறில் மீதி.
அப்படியொரு வட்டம் சுற்றும்போதுதான்
முதலாளி ஒருமுறை என் இருமலைக் கேட்டு
எழுந்துபோய் ஃபேனைக் குறைத்தார்.

புதன்கிழமை, அவர் வருமுன்,
பூனைப் படத்தை மட்டும் திரும்ப ஏற்றினேன்.
இரண்டு விநாடி எடுக்கிறது.

இன்றைக்குச் சாம்பல் பூனை, அரைக்கண்.
"இது எங்கேயிருந்து வந்தது?"
"தெரியாது, ஐயா."

அவர் மூடவில்லை.