ஒரு பிட்

லியெபாயாவில் துறைமுகம் உறையாத குளிர்காலம்.
மத்தி டப்பாக்களுக்கு லேபிள் அடிக்கும் எந்திரம்
ஒரு திங்கட்கிழமை ஊமையானது.
பழுதொன்றும் இல்லை;
புதுக் கணினிக்கு அதன் பாஷை தெரியவில்லை, அவ்வளவுதான்.
"அந்த மாடலுக்கு இனி டிரைவர் கிடையாது"
என்று எழுதிய கம்பெனி
புதியதன் விலைப்பட்டியலையும் இணைத்திருந்தது.

வினெட்டா பழைய கணினியை உசுப்பி
கேபிளின் நடுவே காது வைத்தாள்.
பதினோரு வாரம்.
இப்படிச் சொன்னால் காகிதம் நகரும்,
இப்படிச் சொன்னால் தலை சூடாகும்.
சம்பளமில்லாத ராத்திரிகள்.
குன்டார்ஸ் பாதித் தூக்கத்தில் கேட்பான்:
"இதற்கு யார் காசு தருகிறார்கள்?"

மார்ச்சில்தான் அது அகப்பட்டது.
முந்நூறு யூரோ எந்திரமும்
தொள்ளாயிரம் யூரோ எந்திரமும்
ஒரே சில்லு, ஒரே மோட்டார், ஒரே தாய் வயிறு.
டிரைவர் முதலில் அனுப்பும் ஒரு பிட்
சுழியமானால் ஆமை,
ஒன்றானால் குதிரை.
அறுநூறு யூரோ
அந்த ஒன்றுக்குள் குந்தியிருந்தது.

பூட்டி வைத்தது வித்தையை என்றல்லவா நினைத்தாள்.
விலையை.

சிரிப்பு வந்தது. பிறகு,
அந்தக் கம்பெனியிலும் யாரோ ஒருத்தி
அந்த அறுநூறில்தான் வாடகை கட்டுகிறாள் என்பதும்.

எடுப்பவர் எடுக்கட்டும் என்று
மூல நிரலைத் திறந்து வைத்தாள்.
அந்த வரிக்கு மேலே மட்டும் ஒரு குறிப்பு:
"இங்கே ஒன்று போட்டால் வேகம்.
சுழியம் ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்."

மறுநாள் டப்பாக்கள் குதிரையாய் ஓடின.
லேபிள் மேசையில் இருவர் தேவைப்படவில்லை.
ஸ்கைட்ரீட்டேவை
ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.