நாற்பத்தொன்று

பத்தொன்பது வருசம் நான் சொன்னது இவ்வளவுதான்:
"மூச்ச இழுங்க. அடக்குங்க. அசையாதீங்க."
தோணி ஏற்றும்போது விலா முறிந்தவர்கள்,
சூடடிக்கிற மிசினில் நசுங்கிய மணிக்கட்டுகள்,
அஞ்சு ரூபாய்க் குத்தியை விழுங்கிய ஒரு பொடியன்.
கல்முனையில் பாதிப் பேரை நான்
உள்ளால் பார்த்திருக்கிறேன்.
பிறகு என் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கியது.
வளையலளவு. மோதிரமளவு.
கடைசியில் ஊசிக்காது. அதுவும் அடைபட்டது.

இப்போது பின்மண்டைக்குள்ளே ஒரு தகடு,
சின்னவிரல் நகத்தளவு, அறுபது முள்.
சரியாய் இருக்கிறதா என்று படம் எடுத்தார்கள்.
"அசையாதீங்க மிஸ்," என்றது ஒரு புதுக்குரல்.
அந்தப் படத்தைக் கொஞ்சம்
வெளிச்சத்தில் பிடிச்சுக் காட்டுங்க, என்றேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

கோகுலன் களுவாஞ்சிக்குடிப் பெடியன்.
மடிக்கணினியில் அவன் விசையைத் தட்டினால்
எனக்குள்ளே ஒன்று பற்றுகிறது.
"ஏழு. தெரியுதா?"
இடப்பக்கம், தாழ, ஒரு சம்பா அரிசி.
"எட்டு?"
எட்டு ஏழுக்குப் பக்கத்தில் இல்லை,
எங்கேயோ வலது மேல்மூலையில்.
சாய்ந்தமருதில் எங்கட ஒழுங்கைக்கு
வீட்டிலக்கம் போட்டவன்தான்
மூளைக்கும் போட்டிருக்கிறான்.
"நாற்பத்தொன்று?"
இல்லை.
"இப்ப?"
இல்லை மகன்.
பத்துத் தரம் தட்டினான்.
செத்த முள் என்று எழுதிக்கொண்டான்,
எழுதுகிற சத்தம் கேட்டது.

மூக்குக்கண்ணாடியில் கமெரா, இடுப்பில் பெட்டி.
கண்ணை உருட்டக்கூடாது,
உருட்டினால் உலகமும் கூடவே உருளும்.
தலையைத்தான் திருப்பவேணும், ஆந்தை மாதிரி.
கதவு என்றால் இரண்டு நிரை.
கடற்கரை மணலில் இறங்கினால்
அறுபதும் ஒரேயடியாய் எரிந்து ஒன்றுமில்லை.
கடலைத்தான் பார்க்க ஆசைப்பட்டேன்.
கடலுக்கு ஓரமில்லை என்றது பெட்டி,
இருட்டாய் விட்டுவிட்டது.
இரைச்சல் மட்டும் பழைய இடத்தில்.

மகள்ட வாப்பா வெள்ளைச் சாரனோடு வந்தார்:
இடுப்புக்குக் கீழே மட்டும் புருஷன்.
பழக்கதோஷத்தில் முகத்தைத் தேடி
மேலே பார்த்து ஸலாத்துக்குப் பதில் சொன்னேன்.
ஹஸ்மியா கறுத்த உடுப்போடு
குசினி இருட்டுக்கு முன்னால் நின்றாளாம்.
நான் காணவில்லை.
"இஞ்சதான் நிக்கிறன் உம்மா."
எங்கே?
ரொட்டிக்கு மாக் குழைத்த கையை
அவள் தூக்கினாள் போல,
ஏழெட்டுப் புள்ளி தனியே காற்றில் ஆடியது.
கழுவாதே, என்றேன்.
ரொட்டி கிடக்கட்டும். கொஞ்சம் நில்லு மகள்,
கழுவாதே.

இரவு.
பெட்டி சார்ஜில் கிடக்கிறது.
கண்ணாடியை மடித்து வைத்தாயிற்று.
கரண்டும் போய், விசிறி நின்று,
நுளம்பின் சத்தம் பெரிதாகிறது.
அப்போதுதான் ஒன்று எரிகிறது.
நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கம், மங்கலாய்,
ஆழத்தில் வலைபோட்டுக் காத்திருக்கிற
தோணியின் லாம்பு மாதிரி.
அந்த இடத்தில் எந்த இலக்கமும் வந்ததில்லை.
அறுபதையும் எனக்குப் பாடம்.
தட்டுவதற்கு ஆளில்லை, கம்பியில்லை, மின்சாரமில்லை.
கண்ணை உருட்டிப் பார்த்தேன்.
அது அசையவில்லை.
அதுக்கு நாற்பத்தொன்று என்று
நானே பெயர் வைத்தேன்.

காலையில் கோகுலன் முதலில் அதைத்தான் கேட்டான்.
"நாற்பத்தொன்று, மிஸ்? கடைசியா ஒருக்கா."
விசை தட்டுப்பட்டது.
இல்லை, என்றேன்.
பொய்யில்லை.
அவன் தட்டும்போது அது வருவதில்லை.