இருப்புப் பதிவேடு

தணிக்கைக்கு வருகிறார்களாம்.
நான் பொருளாளர், சுகிர்தபாய்.
அண்டியாபீசில் தோடு உடைத்துக் கறுத்த விரல்களால்
இதை எழுதுகிறேன்.

மஞ்சாடிக்கோணம் தன்னார்வத் தீயணைப்புச் சங்கம்
தொடங்கியது எண்பத்தாறில், ஓணத்துக்கு மறுநாள்,
ஒரு புகைப்புரையின் சாம்பல் ஆறும் முன்பே.
தக்கலையிலிருந்து அரசு வண்டி வந்து சேர்ந்தபோது
அங்கே அணைக்க மிச்சமிருந்தது
அவர்களுடைய ஹெட்லைட் மட்டும்தான்.

வண்டி ஒன்று.
மரச்சீனி ஏற்றுகிற கைவண்டி, இரண்டு தார் டிரம்,
ரப்பருக்குத் துரிசு அடிக்கும் கைப்பம்பு.
எஸ்டேட்டில் கேட்டு வாங்கியதாக எழுதச் சொன்னார் தலைவர்.
கேட்கவில்லை.
முதல் தீயில் நீலத் தண்ணீர் பாய்ந்தது.
தங்கநேசன் வீட்டுச் சுவரில் அந்த நீலம்
இரண்டு வெள்ளையடிப்புக்குப் பிறகும் தெரிந்தது.

வண்டி இரண்டு. ஜீப்.
அதே எஸ்டேட் ஏலத்தில், ஏழாயிரத்து முன்னூறு.
பின்னால் இழுவைப் பம்பு.
முன்னால் பள்ளிக்கூடத்து மணி,
உடைந்த பெஞ்சுகளோடு சும்மா கிடைத்தது.
பிரேக் இல்லை.
அதாவது, இருந்தது; பிடிக்காது.
எங்கள் பக்கம் ரோடு என்றாலே ஏற்றம், இல்லையென்றால் இறக்கம்.
ஆகவே பதவி ஒன்று உண்டாக்கினோம்: கல்லுக்காரர்.
வண்டி நிற்கும் முன்பே சாடி இறங்கி
டயருக்கு அண்டை கொடுக்க வேண்டும்.
பதினோரு வருடம் யோவேல் கொடுத்தார்.
தீயைப் பார்க்க அவருக்கு நேரம் இருந்ததில்லை.
மற்றவர்கள் தென்னை உயரம், பனை உயரம் என்று சொல்லும்போது
அவர் டயர் தேய்ந்ததைச் சொல்வார்.

வண்டி மூன்று. பழைய பால் டேங்கர்.
சிவப்புப் பெயிண்ட் பாதியில் தீர்ந்தது, பின்பக்கம் இன்றும் வெள்ளை.
வெயிலில் நின்றால் புளித்த மோர் வாடை.
டீசலுக்குக் காசில்லாமல்
கல்யாண வீடுகளுக்கு வெள்ளம் கொண்டுபோனோம்,
நடைக்கு ஆயிரத்து இருநூறு.
இது தீயணைப்பு வேலையா என்று கேட்பார்கள்.
போன தடவையும் கேட்டார்கள்.

இனி அந்த மாசி மாத இரவு.
விட்டுவிட முடியாது, டீசல் கணக்கில் கிடக்கிறது.
டேங்கர் வேர்கிளம்பியில், ஆக்குப்புரைக்குப் பின்னால்.
ரசீதில் கையெழுத்து என்னுடையது.
பத்தே முக்காலுக்கு
கிங்ஸ்டன் வீட்டுப் புகைப்புரையில் பிடித்தது.
உள்ளே ஆயிரத்து நானூறு ஷீட்.
ரப்பர் எரிந்து பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்:
எரியும்போதே உருகும், ஒழுகும்,
ஒழுகிய இடத்தில் இருந்து மறுபடி எரியும்.
மூன்று நாள் கழித்துத் துப்பினாலும் கறுப்பாக வரும்.

ஜீப்பைத் தள்ளினோம்.
இறக்கத்தில் ஸ்டார்ட் ஆனது. நிற்கவில்லை.
யோவேல் சாடினார். கல் விழுந்தது.
வண்டி நின்றது.
கல்லுக்கும் டயருக்கும் நடுவே அவர் கால் இருந்தது.

அவர் கத்தவில்லை.
"பம்பை விடு, பிள்ளே" என்றார்.
வண்டியை நகர்த்தினால் ஹோஸ் எட்டாது.
அது எனக்குத் தெரியும்,
அவருக்கும் தெரியும்.
விட்டேன்.
எட்டு நிமிடமோ, பத்தோ.
நான் மணி பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறேன்.
பார்த்தேன்.

புகைப்புரை போயிற்று. வீடு நின்றது.
பதினொன்றரைக்கு டேங்கர் வந்தது.
ஷெல்டன் பட்டுச்சட்டையோடு இறங்கினான்,
கையில் பாயசத் தூக்குப்போணி,
அதை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

யோவேலுக்கு இப்போது இடது காலில் மூன்று விரல்.
கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறார்,
செருப்புக் கம்பெனிகளை மட்டும் திட்டுகிறார்.

ஜீப் பழைய இரும்புக்குப் போனது.
மீதி இருப்பு:
கைவண்டி ஒன்று.
டிரம் ஒன்று; மற்றது துரு.
டேங்கர் ஒன்று.
ஹோஸ் நூற்றிருபது அடி, புதியது,
வேர்கிளம்பி வாடகையும் சேர்த்து வாங்கியது.
கல் ஒன்று. கருங்கல், மூன்று மூலை.

டேங்கருக்கு பிரேக் நன்றாகவே பிடிக்கும்.
ஆனாலும் கல், ஷெல்டனின் சீட்டுக்கடியில்தான் போகிறது, வருகிறது.
மதிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது,
காலியாக விட்டால் திருப்பி அனுப்புவார்கள்.
ஒரு ரூபாய் என்று போட்டிருக்கிறேன்,
பென்சிலால்.