தெற்குக் கோல்

தடைக்காலம், நாள் இருபத்திரண்டு.
விசைப்படகெல்லாம் ஜெட்டியில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்க
தங்கச்சிமடத்தில் என் கடைக்குள் பதினோரு பேர்
கம்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள்.

கம்பிப்பந்து என்றுதான் இங்கே பெயர்.
கொச்சியில் யாரோ ஓட்டலை மூடியபோது
மீன் வண்டியில் காலிப் பெட்டிகளுக்கு மேலே
நாலு காலையும் வானத்துக்குக் காட்டி வந்த மேசை.
ஆட்டத்துக்குப் பத்து ரூபாய்,
தோற்றவர் தரணும்.

கார்த்திகை மழையில் ஓடு ஒழுகியதை
நான் பார்க்கவில்லை.
பலகை பார்த்திருக்கிறது.
குடித்ததையெல்லாம் உள்ளேயே வைத்திருந்து
மாசி வெயிலில் வயிற்றைத் தூக்கியது.
அப்புறம் எங்கே பந்தை விட்டாலும்
தெற்குக் கோலைத் தேடிப் போனது.

யாரும் புகார் சொல்லவில்லை.
தெற்கே நிற்காமலிருக்கக் காசு சுண்டினார்கள், அவ்வளவுதான்.
நம்புராஜன் மட்டும் சுண்ட மாட்டான்.
தானாகப் போய்த் தெற்கே நிற்பான்,
ஜெயிப்பான்.
மேட்டில் ஏறி, ஒரு விரற்கடை யோசித்து,
பந்து எந்தப் பக்கம் சரியும் என்று
அதற்கு முன்னால் அவன் மணிக்கட்டுக்குத் தெரியும்.
"நீவாடு பாத்து வலை விடுறவன்டா நானு,
இந்த மேடு என்னைய என்ன செய்யும்?"

நூற்று நாற்பது ரூபாய் தோற்ற அன்றைக்கு
ஜெரோன் பந்தை ரோட்டில் எறிந்தான்.
"பலகைய சரி பண்ணுக்கா,
இல்லாட்டி இந்த மேசையை அடுப்புல வையி."

சரி பண்ணினேன்.
உப்புப் பிடித்த போல்ட்டுக்கு மண்ணெண்ணெய்,
ஒரு ராத்திரி பொறுமை.
எட்டுக் கம்பியையும் உருவி
இருபத்திரண்டு ஆட்களை நாளிதழில் படுக்கப் போட்டேன்.
ஒருவனுக்குக் காலே இல்லை.
இத்தனை நாளும் அவன் எப்படி ஆடினான்?

பலகையைச் சிமெண்டுத் தரையில்,
உப்பிய பக்கம் வெயிலுக்கு,
குழிந்த பக்கத்துக்கு அடியில் ஈரச் சாக்கு.
மேலே பழைய நங்கூரம் ரெண்டு,
காலி சிலிண்டர் ஒன்று.
மூன்று நாள் சாக்கை நனைத்தேன்.
பாதி இறங்கியது.
மீதிக்கு மாட்டேன் என்றது.
பிறகு அடியில் குறுக்குச் சட்டம் ஒன்று கொடுத்து
கீழிருந்து ஆறு திருகாணி.
அரைத் திருப்பு, நிறுத்து, தடவிப் பார்.
இன்னும் அரைத் திருப்பு.
பலகை ஒரு தரம் முனகியது, எனக்கும் உயிர் போனது.

டியூப்பில் தண்ணீர் ஊற்றி மட்டம் பிடித்தால்
கடைத் தரையே தெற்கே சாய்ந்திருக்கிறது!
பதினாலு வருஷமாக
சரிவில் நின்றுதான் சில்லறை எண்ணியிருக்கிறேன்.
தென்மேற்குக் காலுக்கு அடியில்
அறுந்த ரப்பர் செருப்பு ஒன்றைச் செருகினேன்.
நின்றது மட்டம்.

முதல் ஆட்டத்தில் பந்து உருண்டு
நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், யார் காலும் எட்டாத இடத்தில்
சும்மா நின்றது.
இந்தப் பக்கம் அஞ்சு பேர், அந்தப் பக்கம் அஞ்சு பேர்,
நடுவே கோழிமுட்டை மாதிரி அது.
லொயோலா ஊதினான்.
"ஊதக் கூடாது" என்றான் ஜெரோன்.
எந்தச் சட்டத்தில் என்று அரைமணி நேரம்.
மேசையைத் தட்டலாமா, கை விடலாமா,
மறுபடி முதலிலிருந்தா?
முன்பெல்லாம் மேடு தீர்த்து வைத்த வழக்கு இது.

நம்புராஜன் மூன்று நாள் தொடர்ந்து தோற்றான்.
நேரான பலகையில் அவன் மணிக்கட்டு
எதையோ தேடி, கிடைக்காமல், பிந்தியது.
கடன் நாற்பது ரூபாய்.

ஷட்டர் இறக்கும் நேரம் அவன் மட்டும் நின்றான்.
நாற்பதை மடித்து டப்பாவில் போட்டான்.
"எந்தக் காலுக்குக் கீழ செருப்பு வச்ச?"
சொல்லவில்லை.
குனிந்து பார்த்தால் தெரிகிற விஷயம்.

காலையில் சோப்புக் கட்டி அடுக்கும்போது
செருப்பு பாதி வெளியே வந்திருந்தது.
நாய் இழுத்திருக்கலாம்.
கடைக்குள் நாய் வருவதில்லை.

உள்ளே தள்ளக் காலை நீட்டினேன்.
அதற்குள் ஒரு சின்னப் பையன் பால் பாக்கெட் கேட்டான்,
எடுத்துக் கொடுத்தேன்,
மீதி மூன்று ரூபாய்க்கு மிட்டாய்.

மேசை மேல் நேற்றைய பந்து
யாரும் தொடாமலே
மெதுவாக, மிக மெதுவாக
தெற்கே கிளம்பியிருந்தது.