மூன்றாவது வாளி

டவுன்ஹால் ரோட்டில் பகலெல்லாம்
என் வலது கண்ணில் ஒரு லென்ஸ்.
ராத்திரி அதே லென்ஸோடு
செல்லூர் மொட்டைமாடியில் குந்தியிருக்கிறேன்,
பேனா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு.

பெயிண்ட் வாளிகள் நான்கு.
முதல் இரண்டில் கத்தரி, பேருக்கு.
நான்காவதில் செத்துப்போன ரோஜா.
மூன்றாவதைப் பற்றி
வீட்டுக்காரர் கோவர்த்தனன் கேட்டபோது
"தூக்கத்துக்கு ஏதோ மூலிகை" என்றேன்.
பொய்யில்லை.

பதினெட்டு வருடம் கடிகாரங்களுக்குக் காது கொடுத்தவனுக்கு
படுத்தாலும் அவை நிற்பதில்லை.
தலையணைக்குள் ஒரு எச்.எம்.டி.,
விலா எலும்புக்குள் பேர் தெரியாத சுவிஸ்,
இரண்டும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும்.
பக்கத்துத் தறி ஓடும்வரை பரவாயில்லை.
பதினொன்றுக்குத் தறி நிற்கும்,
இவை தொடங்கும்.

ஆடியில் முழங்கால் உயரம்,
ஆவணியில் இடுப்பு,
புரட்டாசியில் வெள்ளை நரம்புகள் விட்டுப் பூத்தாள்.
ஐப்பசி பாதியில் அந்த நரம்புகள் பழுப்பாகிச் சுருண்டன.
லென்ஸில் பார்த்தால்
பூவின்மேல் ஊசிமுனைக் காளான்கள்,
தலையெல்லாம் கண்ணாடி.
கண்ணாடி பாலாக வேண்டும்,
பாலில் தேன் நிறம் விழவேண்டும்,
அதுதான் தூக்கம் என்கிறான் ஜஸ்டஸ்,
பக்கத்துக் கடையில் சாவி வெட்டுகிறவன்.
நேற்றுப் பத்துக்கு ஒன்று தேன்.
இன்று பத்துக்கு ஒன்றரை.
அரையை எப்படி எண்ணினாய் என்று கேட்காதீர்கள்.
அரை நொடி பிந்துவதைக்
காதால் பிடிக்கிறவன் நான்.

வாசம்தான் வில்லங்கம்.
வெயில் தாழ்ந்ததும்
படிப்படியாக இறங்கிவரும்,
பழுத்த கொய்யா, கசக்கிய நாரத்தை இலை,
அடியில் கொஞ்சம் டீசல்.
கீழே சாயத்தொட்டி நாறுகிற நாளில் நிம்மதி.
செவ்வாய், வெள்ளி சாம்பிராணி காப்பாற்றும்.
மற்ற நாளைக்கு நெத்திலிக் கருவாடு வாங்கி வறுத்தேன்.
கோவர்த்தனன் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை,
வாடகையைக்கூட ஜன்னல் வழியாகத்தான் வாங்கினார்.

புதன்கிழமை கம்பத்தில் ஏறினான்
லைன்மேன் ஒச்சப்பன்.
என் மாடி அவன் காலடியில் விரித்த பாய்.
பார்த்தான்.
கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.
மறுபடி பார்த்தான்.
மறுபடி ஊற்றினேன்.
பல்லிடுக்கில் இருந்த பிளையரை எடுத்துவிட்டு
கிழக்கே யானைமலைப் பக்கம் காட்டினான்:
"மேகம் கட்டுது. ராத்திரிக்குள்ள கொட்டும்.
பூவுக்குள்ள தண்ணி நின்னா பூஞ்சை.
பாத்துக்கங்க."
இரண்டு திருகு திருகிவிட்டு,
"கத்தரியச் சொன்னேன்" என்றான்.

தேன் இன்னும் மூன்று நாள் கேட்டது.
மழையிடம் தவணை கேட்க முடியுமா.
தறி நின்ற பிறகு அறுத்தேன்.
தண்டு நினைத்ததைவிட உறுதி,
கடைசி நாரில் கத்தரிக்கோல் வழுக்கியது.
கிளை கிளையாகத் தலைகீழாக
குளியலறைக் கொடியில்,
காயாத இரண்டு பனியனுக்கு நடுவில்.
இலை கிள்ளக் கிள்ள
விரலெல்லாம் கரும்பிசின்.
சோப்புக்கு மசியவில்லை.
தேங்காயெண்ணெய்க்குப் பாதி போனது.

இரண்டரைக்கு வந்தது மழை.
காலி வாளிக்குள் விழும் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்தேன்.
ஒரு பூவும் உலரவில்லை,
ஒரு இழுப்பும் இழுக்கவில்லை,
எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

சனிக்கிழமை ரெத்தினசபாபதி சார் வந்தார்,
தபால் ஆபீஸில் ரிட்டையர் ஆனவர்.
"வியாழக்கிழமைதானப்பா சர்வீஸ் பண்ணிக் குடுத்தே.
பதினொன்னு இருபதுக்கு நின்னுபோச்சு."
முதுகைத் திறந்தேன்.
பேலன்ஸ் சக்கரத்தின் விளிம்பில்
என் கட்டைவிரலின் கோடுகள் அச்சாக,
சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியபடி.
லென்ஸில் பார்த்தேன்.
நல்ல தேன் நிறம்.

"என்னப்பா?"
"தூசி சார்."
பஞ்சைப் பெட்ரோலில் நனைத்தேன்.
துடைப்பதற்கு முன்
பழக்கத்தில் காதருகே கொண்டுபோனேன்.
ஒன்றுமே கேட்கவில்லை.
சார் பார்த்துக்கொண்டிருக்கிறார்,
நான் இன்னும் காதிலிருந்து எடுக்கவில்லை.