பத்து கிலோ முந்நூறு

உங்கள் சாதனம் புதுப்பித்த நிலையில் உள்ளது
என்கிறது போன். பச்சை டிக் வேறு.
அதற்குக் கீழேயே பொடி எழுத்தில்
கடைசி அப்டேட்: மூன்று வருஷத்துக்கு முந்தைய
ஓர் ஆகஸ்ட் ஐந்து.

தராசில் லித்திகாஸ்ரீ நிற்கிறாள்,
கையில் பாதி தின்ற சத்துமாவு உருண்டை.
அதை வாங்கி அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு
மறுபடி நிறுத்துகிறேன்.
பத்து கிலோ முந்நூறு.

பதினோரு மாசம் ஒன்பதிலேயே கிடந்தவள்.
காய்ச்சல் வந்தால் இறங்குவாள்,
ஓசூரிலிருந்து அப்பன் வந்துபோனால் நூறு கிராம் ஏறுவாள்,
அடுத்த வாரமே அதையும் ஓடித் தொலைப்பாள்.
இன்றைக்குத்தான் மஞ்சளைத் தாண்டிப்
பச்சைக் கட்டத்தில் கால் வைத்திருக்கிறாள்.
அதை நான் ஏற்ற வேண்டும்.

இன்றைக்காவது என்று திறக்கிறேன்.
இந்தச் செயலி உங்கள் ஆண்ட்ராய்டு பதிப்பை
இனி ஆதரிக்காது.
என் போன் ஆண்ட்ராய்டு பத்து.
பத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

தவணையில் வாங்கியது.
மாசம் எழுநூற்று எண்பது, பதினெட்டு மாசம்.
கடைசித் தவணை கட்டிய தை மாசம்
வீட்டில் கேசரி கிண்டினேன்.
கடைசி அப்டேட் அதற்கு முன்னாலேயே
வந்துபோயிருக்கிறது. எனக்குத்தான் தெரியாது.

போன புதன்கிழமை
பென்னாகரத்தில் பஸ் ஏறி தர்மபுரி போனேன்.
டிக்கெட் இலவசம். அரை நாள்தான் செலவு.
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இம்தியாஸ் கடை.
வாங்கிப் பார்த்தான். பின்மூடியைக்கூடக் கழற்றவில்லை.
"போன்ல ஒரு குறையும் இல்லக்கா.
கம்பெனிக்காரன் கைகழுவிட்டான்."
"நீ ஏத்திக் குடேன் தம்பி."
"அவன் செஞ்சு குடுத்தாத்தானக்கா நான் ஏத்தறது?"
கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து
பன்னிரண்டாயிரத்துக்கு ஒன்றை எடுத்து வைத்தான்.
"இதுக்கு எத்தன வருஷம்?"
உதட்டைப் பிதுக்கினான்.

ஆதரவற்ற விதவை, ஆதரவற்ற முதியோர்
எல்லாருக்கும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்,
திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வரிசையில்
கூடவே நின்றிருக்கிறேன்.
ஆதரவற்ற போனுக்கு
எந்தக் கவுன்டர்?
கீறல் இல்லை. பேட்டரி சாயங்காலம் வரை தாங்குகிறது.
ரிங் அடித்தால் மூன்றாம் வீட்டு நாய் எழுந்திருக்கிறது.
உயிரோடு இருப்பதற்கு இதற்கு மேல்
என்ன சான்றிதழ் வேண்டும்?

பக்கத்து வீட்டு மாதேஷ், ஐடிஐ படிப்பவன்,
பில்டு நம்பரை ஏழு தடவை தட்டச் சொன்னான்.
தட்டினேன்.
நீங்கள் இப்போது ஒரு டெவலப்பர் என்றது.
நல்லது.
சம்பளம் மட்டும் அங்கன்வாடி சம்பளம்.

குரூப்பில் மெசேஜ் வந்து விழுகிறது.
இன்னும் என்ட்ரி போடாதவர்கள்:
நான்காவது பெயர் பூங்காவனம்.
நான் பிள்ளைகளை நிறுக்காதவள் மாதிரி,
இந்த ஊரில் இருபத்தாறு பிள்ளைகளும்
எடையே இல்லாமல் மிதப்பது மாதிரி.
போன் செய்து சொன்னால் மேடம் கேட்கிறார்:
"மத்தவங்களுக்கு எல்லாம் வருதே?"

நோட்டை விரித்து நீல மையில் எழுதுகிறேன்.
லித்திகாஸ்ரீ. பத்து. முந்நூறு.
நோட்டு எந்தப் பதிப்பு என்று கேட்கவில்லை.
அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து
மேடத்துக்கு அனுப்பலாம், கேமரா நன்றாகவே இருக்கிறது.
பிடிக்கிறேன். எண்ணின் மேலேயே
என் கை நிழல்.
மறுபடி.

அடுத்தவன் வரிசையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறான்.
லித்திகா, இறங்கு கண்ணு.
தராசைவிட்டு
இறங்க மாட்டேன் என்கிறாள்.