முந்திய நாள்

கந்தப்பளைப் பால் சேகரிப்பு நிலையத்தின்
பின்னறையில், புண்ணாக்கு மூட்டைக்கும்
பழைய தராசுக்கும் நடுவே மடிக்கணினி.
விரல் விறைத்தால் அதன் அடிவயிற்றில்
கையை வைத்துக்கொள்வேன்.
ஜாங்கோ ஓடும்போது
ஒரு பூனை அளவுக்குச் சூடு.

முதல் வாரம் பக்கம் அம்மணமாக வந்தது.
நிறமில்லை, கட்டமில்லை.
எழுத்துகள் எல்லாம் இடப்பக்கம் ஒதுங்கி
மழைக்கு நிற்பதுபோல் நின்றன.
ஸ்டைல் கோப்பு இருந்தது;
இருந்த இடத்தை நான்தான் சொல்லவில்லை.
மறுநாள் ஒரு காற்புள்ளி விட்டுப்போய்
விவசாயியும் பாலும் ஒரே சொல்லாய் ஒட்டிக்கொள்ள
அப்படியொரு மொடியூலே கிடையாது என்றது பைதன்.

பிறகு மைக்ரேஷன்.
(இந்த மலையில் அந்தச் சொல்லுக்கு வேறு கணக்கு உண்டு.
அதை இங்கே எழுதவில்லை.)
நான் இங்கே ஒரு கோப்பு எழுத,
கண்டியிலிருந்து திலினி ஒரு கோப்பு எழுத,
இரண்டுக்கும் ஒரே தாய்.
இலைமுனை இரண்டு இருக்கிறது,
எதைத் தொடர்வது என்று கேட்டு நின்றுவிட்டது.
ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்க
இரண்டு இலைதான்.
ஒருத்தருக்கும் குழப்பமில்லை.
சேர்த்துவை என்றேன். சேர்ந்துகொண்டது.

இவையெல்லாம் நல்ல பிழைகள்.
மஞ்சள் பக்கத்தில் வந்து
கோப்பின் பெயர், வரி எண் சொல்லிக்
கையைக் கட்டி நிற்கும்.
கடைசி வரியை முதலில் படிக்கவேண்டும்,
பிறகு மேலே ஏறவேண்டும்,
நாம் எழுதிய வரி கண்ணில் படும்வரை.
எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.

இரண்டாம் திகதி, பூங்காவனம் அக்கா
பற்றுச்சீட்டை மேசையில் விரித்தார்.
"எழுபது ரூபா குறையுது தங்கச்சி."
ஒன்றாம் திகதியிலிருந்து
லீட்டருக்குப் பத்து ரூபா கூட.
அன்று காலை அவர் ஊற்றிய
ஏழு லீட்டருக்கும் பழைய விலை.

மஞ்சள் பக்கம் இல்லை.
சோதனைகள் பதினேழும் பாஸ்.
பதினேழையும் நான் மத்தியானத்தில்தான் ஓட்டியிருந்தேன்.

இரவு பத்தரைக்குக் கண்டேன்,
வாங்கிவைத்த ரொட்டி தோலாகிப்போனபின்.
அமைப்புக் கோப்பில் நேர வலயம் யூடிசி.
யாரும் மாற்றவில்லை, வந்தபடியே கிடந்தது.
அந்தக் கடிகாரத்துக்கு
நம் காலை ஐந்தரைக்குத்தான் நள்ளிரவு.
அதற்குமுன் ஊற்றிய பால் எல்லாம்
முந்திய நாளின் பால்.
ஆறரைக்கு ஆற அமர வரும்
ரோட்டோரத்துக்காரர் கணக்கெல்லாம் சரி.
மேல் டிவிஷனிலிருந்து
நாலு மணிக்கே டோர்ச் அடித்து இறங்கியவர்கள்,
முந்தி வந்தவர்கள்,
அவர்களுக்குத்தான் நாள் பிந்தியது.

ஆசியா, கொழும்பு என்று மாற்றினேன்.
இன்று என்பதை இங்குள்ள இன்றாக்கினேன்.
இரண்டே வரி.
ஆனால் பழைய பதிவுகள்?
நேரத்தை எறிந்துவிட்டு
திகதியை மட்டும் சேமித்திருந்தேன்.
எறிந்ததைப் பொறுக்கித் தர
எந்தக் கட்டளையும் இல்லை.

தராசில் நிற்கும் அந்தோனிராஜ் என் வயதுக்காரன்.
ஓவர்டைம் காசுக்கு அத்தாட்சி வேண்டுமென்று
ஒவ்வொரு டின்னுக்கும் நிமிஷம் எழுதிவைப்பவன்.
நான் கேலி செய்த சீஆர் கொப்பி.
நாலு ஐம்பத்திரண்டு, பூங்காவனம், ஏழு.
நாலு ஐம்பத்தெட்டு, மருதவீரன், பதினொன்றரை.
அவன் கொட்டாவி விட்டபடி வாசிக்க
நான் ஒவ்வொன்றாய் அடுத்த நாளுக்கு நகர்த்தினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு வரி.
ஒரு மாதத்துப் பால்.
நடுவில் ஒருதரம் கரண்ட் போனது;
அவன் ஃபோன் வெளிச்சத்தில் தொடர்ந்தோம்.
இந்த இரவுக்கும் ஓவர்டைம் உண்டா என்று கேட்டான்.

நூற்றுத் தொண்ணூறைத் தாண்டும்போது
வாசலில் டின் உரசும் சத்தம்.
"இன்னைக்கு என்ன தேதி போடுது?"
திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
பூங்காவனம் அக்கா சால்வைக்குள் கைவிட்டு
தன் ஃபோனை எடுத்து
இரண்டையும் ஒத்துப்பார்த்துவிட்டுத்தான்
மூடியைத் திறந்தார்.